சிரிக்காமல் சிரிக்க வைத்த பஸ்டர் கீட்டன்

சார்லி சாப்ளினை அறியாதவர்கள் குறைவு. அதே காலத்தில் அவருக்கு ஈடாகப் பேசப்பட்ட பஸ்டர் கீட்டனை இன்று நினைவில் வைத்திருப்பவர்களோ மிகக் குறைவு. பேசும் படம் வந்ததும் குரல் எடுபடாமல் ஒதுங்கியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அது சரியல்ல.

ஜோசப் பிராங்க் கீட்டன், 1895 அக்டோபர் 4ஆம் தேதி கன்சாஸ் மாநிலத்தில் ஒரு மேடைக் கலைஞர் குடும்பத்தில் பிறந்தார். மேடையில் தந்தை அவரைத் தூக்கி வீசுவார். பிடித்து வீச வசதியாகப் பையனின் உடையில் பெட்டியின் கைப்பிடி ஒன்று தைக்கப்பட்டிருந்தது. விழுந்து எழும்போது தான் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை, முகத்தை இறுக்கிக்கொண்டால்தான் கொட்டகை அதிர்கிறது என்பதைச் சிறு வயதிலேயே அவர் கண்டுகொண்டார்.

1917இல் படவுலகுக்கு வந்தார். 1920களில் அவருக்கென்று தனிப் படப்பிடிப்பு நிலையமே இருந்தது. எழுதி வைத்த கதை வசனம் கிடையாது. தம் குழுவோடு உட்கார்ந்து பேசியே காட்சிகளை உருவாக்குவார். ஆபத்தான காட்சிகளில் பெரும்பாலும் அவரே நடித்தார். 1928இல் வந்த ஒரு படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாக அவர் மேல் சாய்கிறது. ஜன்னல் திறப்பு விழும் இடத்தில் நின்றதால் தப்பினார். ஓரடி தள்ளி நின்றிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

அதே ஆண்டில்தான் பெரிய தவறும் நடந்தது. தனி நிலையத்தைக் கைவிட்டு, எம்.ஜி.எம். நிறுவனத்தின் சம்பள நடிகரானார். சாப்ளினும் ஹெரால்ட் லாய்டும் தடுத்தும் கேட்கவில்லை.

1930இல் வெளிவந்த ‘ஃப்ரீ அண்ட் ஈசி’ அவர் கதாநாயகனாகப் பேசி நடித்த முதல் படம். அழகிப் போட்டியில் வென்ற ஊர்ப் பெண்ணை ஹாலிவுட்டுக்கு அழைத்துவரும் அப்பாவி வேடம். கடைசியில் பெண் வேறொரு நடிகருக்குக் கிடைக்கிறாள்; கீட்டன் கோமாளி ஒப்பனையோடு தனித்து நிற்கிறார். படத்தின் பெயருக்கு ‘சுதந்திரமாக, சுலபமாக’ என்று பொருள். அவருக்கோ இரண்டும் இல்லை. கதையும் வசனமும் நிறுவனத்தின் கையில். கீட்டன் சொன்ன யோசனைகளுக்கு மதிப்பில்லை. குரலில் குறை எதுவும் இல்லை. இதே படத்தை ஸ்பானிய மொழியிலும் அவரே பேசி நடித்தார். படமும் நன்றாகவே ஓடியது.

வசூல் வந்ததால் நிறுவனம் முறையை மாற்றவில்லை. அவர் மதுவில் மூழ்கினார். 1932இல் மணமுறிவு, இரு மகன்களின் குடும்பப் பெயரும் தாயின் பெயராக மாறியது. 1933இல் வேலையும் போனது. வாரம் 3,000 டாலர் வாங்கியவர், சில ஆண்டுகள் கழித்து அதே நிறுவனத்தில் வாரம் 100 டாலருக்கு மற்றவர்களின் படங்களுக்கு நகைச்சுவை யோசனை சொல்லும் வேலை பார்த்தார்.

1940இல் எலினோரை மணந்த பிறகு வாழ்க்கை நிலைபெற்றது. 1952இல் சாப்ளினின் ‘லைம்லைட்’ படத்தில் இருவரும் ஒரே மேடையில் தோன்றினர். பழைய படங்களின் பிரதிகள் தேடி எடுக்கப்பட்டு மீண்டும் திரையேறின. 1960இல் கௌரவ ஆஸ்கார் விருது கிடைத்தது.

1966 பிப்ரவரி 1ஆம் தேதி நுரையீரல் புற்றுநோயால் அவர் காலமானார். கடைசிக் காலத்தில் நடித்துக்கொடுத்த படம் ஒன்று, அவர் மறைந்து சில மாதங்கள் கழித்துத்தான் திரைக்கு வந்தது.