பர்ட் மன்ரோ

பர்ட் மன்ரோ என அறியப்படும் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்ரோ (மார்ச் 25, 1899 - ஜனவரி 6, 1978) நியூசிலாந்தைச் சேர்ந்த மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் ஆவார். 1920 ஆம் ஆண்டில் வாங்கிய இந்தியன் ஸ்கவுட் என்னும் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைத் தமது கொட்டகையிலேயே பலமுறை பிரித்து, உடைந்த பாகங்களுக்கு மாற்றுப் பாகங்களைத் தாமே செய்து பொருத்தி, பல பத்தாண்டுகள் மேம்படுத்தி வந்தார். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது மணிக்கு 55 மைல் (சுமார் 89 கி.மீ.) வேகமே செல்லக்கூடியதாக இருந்த அவ்வண்டி, 1967 ஆம் ஆண்டில் மணிக்கு 190 மைலுக்கும் (சுமார் 306 கி.மீ.) கூடுதலான வேகத்தில் ஓடியது. அப்போது மன்ரோவின் வயது 68. எஞ்சினின் வயது 47.

இந்தியன் என்பது இங்கு ஒரு வணிகப் பெயரே ஆகும். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் இப்பெயரைத் தாங்கின. இந்திய நாட்டுடன் இவற்றுக்குத் தொடர்பில்லை.

இளமைக் காலம்

மன்ரோ நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள இன்வர்கார்கில் நகரில் பிறந்தார். இரட்டைக் குழந்தைகளுள் ஒருவரான இவருடன் பிறந்த சகோதரி பிறப்பின்போதே இறந்துவிட்டார். இவரும் நெடுநாள் வாழமாட்டார் என மருத்துவர்கள் பெற்றோரிடம் கூறியிருந்தனர். இன்வர்கார்கிலுக்குக் கிழக்கே உள்ள ஈடன்டேல் பகுதியில், குடும்பத்தின் பண்ணையில் வளர்ந்தார். பண்ணை வாழ்வில் மனம் ஒட்டாத இவருக்குக் குதிரையேற்றமும் பின்னர் மோட்டார் சைக்கிளுமே விருப்பமாயின.

1915 இல் டக்ளஸ் என்னும் பிரித்தானிய மோட்டார் சைக்கிளையும், 1919 இல் பக்கப்பெட்டி இணைந்த கிளைனோ வண்டியையும் வாங்கினார். பின்னதன் பக்கப்பெட்டியைக் கழற்றிவிட்டு, அதனைப் பந்தயங்களில் ஓட்டினார். முதலாம் உலகப்போர் முடிந்தபின் சிறிது காலம் ஒட்டிரா சுரங்கப்பாதைக் கட்டுமானத்தில் பணிபுரிந்து, பின்னர் பண்ணைக்குத் திரும்பினார்.

இந்தியன் ஸ்கவுட்

மன்ரோ 1920 இல் வாங்கிய இந்தியன் ஸ்கவுட், அயர்லாந்தில் பிறந்த பொறியாளரான சார்லஸ் பிராங்கிளின் வடிவமைத்ததாகும். இதன் எஞ்சின் சுமார் 600 கன சென்டிமீட்டர் (சி.சி.) கொள்ளளவு கொண்டது. இந்தியன் நிறுவனம் அக்காலத்தில் செய்த 1000 சி.சி. வண்டிகளுடன் ஒப்பிட இது சிறியதே. இரண்டு சிலிண்டர்கள் 'வி' எழுத்தின் வடிவில் அமைந்திருந்தன. மூன்று பற்சக்கர நிலைகளைக் கையால் மாற்றவேண்டும். முன்சக்கரத்திற்கு இலைவில் உண்டு. பின்சக்கரத்திற்கு எவ்வகை வில்லும் இல்லை. மன்ரோ வாங்கிய வண்டியின் எஞ்சின் எண் 50ஆர்627 ஆகும்.

1926 ஆம் ஆண்டில் மன்ரோ இவ்வெஞ்சினில் மாற்றங்கள் செய்யத் தொடங்கினார். வேறு எஞ்சினுக்கு மாறாமல் இதையே இறுதிவரை வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் 1936 ஆம் ஆண்டைச் சேர்ந்த வெலோசெட் மோட்டார் சைக்கிள் ஒன்றையும் இதே முறையில் மேம்படுத்தினார்.

குடும்பமும் தொழிலும்

1927 இல் மன்ரோ திருமணம் செய்துகொண்டார். இவருக்கு நான்கு பிள்ளைகள். 1920களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் ஓடுதளப் பந்தயங்களில் கலந்துகொண்டார். உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது குடும்பப் பண்ணைக்குத் திரும்பினார். பின்னர் மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகவும் பழுது பார்ப்பவராகவும் வேலை செய்தார். பகலில் வேலைக்குச் சென்று, இரவு நேரங்களில் தமது எஞ்சினுடன் உழைப்பதே இவரது வழக்கமாக இருந்தது.

இவ்வுழைப்பு குடும்ப வாழ்வுக்கு இடம் தரவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மனைவியைப் பிரிந்தார். வேலையையும் விட்டுவிட்டு, இன்வர்கார்கிலில் ஒரு கொட்டகையில் குடியேறினார். உறங்குமிடமும் பட்டறையும் ஒன்றேயாக அங்குப் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

கொட்டகையில் நடந்த வேலைகள்

மன்ரோ பொறியியல் கல்வி பெற்றவரல்லர்; செல்வந்தரும் அல்லர். வேண்டிய பாகங்களை விலைக்கு வாங்க இயலாத நிலையில் அவற்றைத் தாமே செய்தார். அளவு பார்ப்பதற்குப் பழைய சக்கரக் கம்பி ஒன்றையே கருவியாகப் பயன்படுத்தினார். உலோகத்தை உருக்கி வார்க்கப் பழைய தகர டப்பாக்களைக் கொண்டார். அரமும் இரம்பமும் இவரது முதன்மைக் கருவிகளாக இருந்தன.

சிலிண்டரும் பிஸ்டனும்

எஞ்சினின் ஆற்றலைக் கூட்டும் வழிகளுள் ஒன்று சிலிண்டரின் உள்விட்டத்தைப் பெரிதாக்குவதாகும். விட்டம் கூடினால் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலான எரிபொருட் கலவை உட்புகுந்து எரியும். மன்ரோ 600 சி.சி. எஞ்சினைப் படிப்படியாக 850, 920, 950 சி.சி. எனப் பெரிதாக்கினார். சிலிண்டர் பெரிதாகும்போது பழைய பிஸ்டன் அதற்குப் பொருந்தாது. எனவே உலோகத்தை உருக்கிப் புதிய பிஸ்டன்களை வார்த்து, கடைந்து, அளவுக்குக் கொண்டுவந்தார். சிலிண்டர்களைப் பழைய வார்ப்பிரும்புக் குழாயிலிருந்து செய்தார்.

இணைப்புத் தண்டுகள்

பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்ற உதவுவது இணைப்புத் தண்டாகும். பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நின்று திரும்புவதால் இத்தண்டு மாறிமாறி இழுக்கவும் அழுத்தவும் படுகிறது. எஞ்சினின் சுழல் வேகம் இரட்டித்தால் இவ்விசை நான்கு மடங்காகும். ஆகவே, எஞ்சினை வேகப்படுத்தும் ஒவ்வொரு முயற்சியும் இத்தண்டை முறிக்கும் முயற்சியாகவும் ஆகிவிடுகிறது. மன்ரோ பழைய டிராக்டர் அச்சு ஒன்றின் எஃகிலிருந்து இத்தண்டுகளை வெட்டி, அரத்தால் வடிவம் கொடுத்து, சூடாக்கிக் கடினப்படுத்திப் பொருத்தினார்.

வால்வு அமைப்பு

தொடக்கத்தில் இவ்வெஞ்சினின் வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் அமைந்திருந்தன. இவ்வமைப்பு எளியது. ஆயினும் எரிபொருட் கலவை வளைந்து செல்ல நேர்வதாலும், கலவையை மிகுதியாக அழுத்த இயலாததாலும் உயர்வேகத்திற்கு ஏற்றதன்று. மன்ரோ வால்வுகள் சிலிண்டரின் தலைப்பகுதியில் அமையுமாறு எஞ்சினை மாற்றினார். வால்வுகளை இயக்கும் கேம்கள், அவற்றைத் தொடரும் உறுப்புகள், சமன்சக்கரங்கள், எண்ணெய் செலுத்தும் அமைப்பு ஆகியவற்றையும் தாமே செய்தார்.

உடைந்த பாகங்கள்

இவ்வகையில் மாற்றப்பட்ட எஞ்சின் அடிக்கடி உடைந்தது. பிஸ்டன்கள் உருகின, தண்டுகள் முறிந்தன. ஒவ்வொரு முறையும் எஞ்சினை முழுவதும் பிரித்து, எந்தப் பாகம் முதலில் முறிந்தது, ஏன் முறிந்தது என்பதை அறிந்தபின், அதனைவிட வலுவான பாகத்தைச் செய்து மீண்டும் பொருத்துவதே இவரது முறையாகும். ஒரு பாகம் வலுப்பெற்றால், அடுத்த முறை வேறொரு பாகம் முறியும். உடைந்த பாகங்களை இவர் எறிந்துவிடவில்லை. கொட்டகையின் அலமாரித் தட்டுகளில் வரிசையாக வைத்து, அவை வேகக் கடவுளுக்குச் செலுத்திய படையல் எனப் பொருள்படும் வாசகத்தை எழுதி வைத்திருந்தார். வேடிக்கையாக எழுதப்பட்டதெனினும், எஞ்சினின் வரலாற்றைக் காட்டும் ஆவணமாகவும் அத்தட்டுகள் அமைந்தன.

வெளிக்கூடு

வண்டியின் வேகம் கூடக்கூடக் காற்றின் தடை மிக விரைவாகக் கூடுகிறது. வேகம் மூன்று மடங்காக வேண்டுமெனில், காற்றுத் தடையை வெல்ல மட்டும் 27 மடங்கு ஆற்றல் தேவைப்படும். எஞ்சினால் மட்டும் இதனைப் பெற இயலாது என்பதால், மன்ரோ வண்டியை முழுவதும் மூடும் மீன் வடிவக் கூடு ஒன்றைச் செய்தார். முதலில் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி உருவாக்கினார். பின்னர் கண்ணாடியிழையால் செய்தார். இதனுள் அவர் வண்டியின்மீது குப்புறப் படுத்த நிலையில் ஓட்டவேண்டியிருந்தது.

நியூசிலாந்தில் சாதனைகள்

1938 ஆம் ஆண்டிலிருந்து மன்ரோ நியூசிலாந்து நாட்டளவிலான வேகச் சாதனைகளை ஏற்படுத்தத் தொடங்கினார். இன்வர்கார்கிலுக்கு அருகில் உள்ள ஒரெட்டி கடற்கரையே இவரது சோதனைக் களமாகப் பெரிதும் விளங்கியது. அலை வடிந்தபின் இறுகிக் கிடக்கும் நீண்ட மணற்பரப்பு அதிவேக ஓட்டத்திற்கு ஏற்றதாக இருந்தது. கொட்டகையில் செய்த பாகங்கள் தாங்குமா என்பது இங்குதான் தெரியவந்தது. பந்தயங்களிலும் சோதனைகளிலும் இவர் பலமுறை விழுந்து காயமுற்றார். 1950களின் பிற்பகுதியில் நெஞ்சுவலி நோயும் இவரைப் பற்றிக்கொண்டது.

பொன்னவில் உப்புச் சமவெளி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பொன்னவில் உப்புச் சமவெளி, வறண்ட பழங்கால ஏரியின் படுகையாகும். கல்போல் இறுகிய உப்புப் பரப்பு பல மைல்கள் சமமாக நீள்வதால், வண்டிகளின் உச்ச வேகத்தை அளக்க இது பயன்படுகிறது. மன்ரோ இங்குப் பத்து முறை சென்றார். முதன்முறை பார்வையாளராக மட்டுமே சென்றார். மற்ற ஒன்பது முறை வண்டி ஓட்டினார்.

சாதனை ஏற்கப்பட வேண்டுமெனில், அளக்கப்பட்ட தொலைவை இரு எதிர்த் திசைகளிலும் ஓடவேண்டும். இரண்டு ஓட்டங்களின் சராசரியே கணக்கில் கொள்ளப்படும். காற்றின் உதவியால் கிடைக்கும் வேகத்தை நீக்குவதே இதன் நோக்கம். ஆகவே எஞ்சின் ஒருமுறை உச்ச வேகத்தில் ஓடினால் போதாது. உடையாமல் திரும்பி வரவும் வேண்டும். மன்ரோவின் எஞ்சினுக்கு இரண்டாவதே கடினமான தேர்வாக இருந்தது.

மன்ரோ ஏற்படுத்திய உலகச் சாதனைகள்:

- 1962 - 883 சி.சி. பிரிவு, 850 சி.சி. எஞ்சின்: மணிக்கு 178.95 மைல் (288 கி.மீ.)
- 1966 - 1000 சி.சி. பிரிவு, 920 சி.சி. எஞ்சின்: மணிக்கு 168.07 மைல் (270 கி.மீ.)
- 1967 - 1000 சி.சி. பிரிவு, 950 சி.சி. எஞ்சின்: மணிக்கு 183.59 மைல் (295 கி.மீ.)

1967 இல் தகுதிச் சுற்றின்போது ஒரு திசை ஓட்டத்தில் மணிக்கு 190.07 மைல் (305.9 கி.மீ.) வேகத்தை எட்டினார். அதே ஆண்டில் மற்றொரு ஓட்டத்தின் பாதியில் வண்டி தள்ளாடத் தொடங்கியது. வேகத்தைக் குறைக்க மன்ரோ நிமிர்ந்து உட்கார, காற்று அவரது கண்ணாடியைப் பிய்த்தெறிந்தது. பார்வை மறைந்த நிலையில் வழிதவறிய வண்டி, எல்லைக்காக நடப்பட்டிருந்த இரும்புக் கம்பத்தைச் சில அங்குல இடைவெளியில் தாண்டிச் சென்றது. வண்டியைச் சாய்த்து வீழ்த்தியே அவர் அதனை நிறுத்தினார். சிறு சிராய்ப்புகளுடன் உயிர் தப்பினார்.

சாதனை திருத்தப்படல்

1967 ஆம் ஆண்டின் சாதனைக் கணக்கில் ஒரு பிழை இருந்ததை மன்ரோவின் மகன் ஜான் பிற்காலத்தில் கண்டறிந்தார். இரண்டு ஓட்டங்களின் சராசரி தவறாகக் கணக்கிடப்பட்டிருந்தது. இதனை ஏற்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம், 2014 இல் சாதனை வேகத்தை மணிக்கு 184.087 மைல் (296.26 கி.மீ.) எனத் திருத்தியது. மன்ரோ இறந்து 36 ஆண்டுகளுக்குப் பின் அவரது சாதனை அரை மைல் அளவு உயர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பெயர்

இவரது சுருக்கப் பெயர் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் வேறு உயிரெழுத்துடன் எழுதப்பட்டது. அமெரிக்க இதழ் ஒன்று அதனைத் தவறாக அச்சிட்டது. அவ்வெழுத்துக்கூட்டலையே மன்ரோ பின்னர் தமது பெயராக ஏற்றுக்கொண்டார்.

இறுதிக் காலம்

1977 இல் மன்ரோ பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். கைகால்களின் ஒருங்கிணைவு குறைந்ததால் எஞ்சின் வேலையைத் தொடர முடியவில்லை. தமது இரு மோட்டார் சைக்கிள்களும் தாம் பிறந்த பகுதியிலேயே இருக்கவேண்டும் என விரும்பி, அவற்றை இன்வர்கார்கில் வணிகரான நார்மன் ஹேய்ஸ் என்பவருக்கு விற்றார். ஜனவரி 6, 1978 அன்று தமது 78 ஆவது வயதில் காலமானார். இன்வர்கார்கிலின் கிழக்குக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

நினைவும் திரைப்படங்களும்

நியூசிலாந்தில் திரைப்படத் தொழிலைத் தொடங்கிய இயக்குநர் ரோஜர் டொனால்ட்சன், மன்ரோ உயிருடன் இருந்தபோதே 1971 இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அலமாரித் தட்டுகளில் இருந்த வாசகமே அப்படத்தின் தலைப்பாயிற்று. அவரே 2005 இல் மன்ரோவின் வாழ்வைத் தழுவி த வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன் என்னும் திரைப்படத்தை இயக்கினார். அதில் ஆண்டனி ஹாப்கின்ஸ் மன்ரோவாக நடித்தார். பல ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை இப்படம் ஒரே பயணமாகச் சுருக்கிக் காட்டுகிறது.

2006 இல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தின் புகழ் மண்டபத்தில் மன்ரோவின் பெயர் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு முதல் இன்வர்கார்கில் பகுதியில் அவர் பெயரால் மோட்டார் சைக்கிள் விழா நடத்தப்பட்டது. 1967 ஆம் ஆண்டின் சாதனைக்கு 50 ஆண்டுகள் நிறைவுற்றதை ஒட்டி, 2017 இல் மன்ரோவின் உறவினரான லீ மன்ரோ, புதிய இந்தியன் ஸ்கவுட் ஒன்றைப் பொன்னவிலில் மணிக்கு 191 மைல் வேகத்தில் ஓட்டினார். மன்ரோவின் வண்டி விற்கப்பட்டபின் இன்வர்கார்கிலில் உள்ள ஹேய்ஸ் கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டது.