எண்களிலிருந்து ஏடுகளுக்கு

1924ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர், சில நாள்களிலேயே மாநிலக் கல்லூரி முதல்வரின் அறைக்குத் திரும்பி வந்து நின்றார். அவருக்கு அப்போது வயது முப்பத்தொன்று. அதுவரை அக்கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். நூலகர் பதவிக்கு ஊதியம் மிகுதி. அதற்குரிய மதிப்பும் உண்டு. ஆயினும் அவர் வேண்டியது தம் பழைய வகுப்பறையைத்தான். மாணவர் முகங்களைப் பார்த்தே பழகிய கண்களுக்கு, படிப்பார் எவருமில்லாத கூடத்தில் நூல்களைக் காவல் காத்து அமர்ந்திருப்பது தாங்கொணாத் தனிமையாக இருந்தது.

முதல்வர் அவர் வேண்டுகோளை மறுக்கவில்லை. உடனே ஏற்கவும் இல்லை. நூலகப் பயிற்சிக்காகப் பல்கலைக்கழகம் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பவிருந்தது. சென்று வந்தபின்னும் மனம் மாறாவிடில் ஆசிரியப் பணியைத் திரும்பத் தருவதாகக் கூறி அனுப்பிவைத்தார். அவ்வாறு கப்பலேறியவரே, பின்னாளில் இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்பட்ட சீர்காழி இராமாமிர்த அரங்கநாதன்.

அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் பிறந்தார். பள்ளிப் பதிவேட்டில் ஆகஸ்டு 12 என்றிருப்பதால் அந்நாளே நூலகர் நாளாக நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. உண்மையில் அவர் பிறந்தது அதற்கு மூன்று நாள் முன்னதாகும். நூல்களை இடம்பிறழாமல் அடுக்குவதற்கே வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரின் பிறந்த நாள் ஏட்டில் இடம்பிறழ்ந்து நிற்பதும் ஒரு விந்தையே. ஆறாம் வயதிலேயே தந்தையை இழந்தார். பேசும்போது நாக்குத் திக்கும் குறையும் இருந்தது. அக்குறையை விடாமுயற்சியால் வென்றே அவர் ஆசிரியரானார்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று 1916இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்குப் பேராசிரியராக இருந்த எட்வர்டு ராசு, இவரிடம் தனி அன்பு கொண்டவர். ஆசிரியர் மாணவர் என்று தொடங்கிய உறவு வாழ்நாள் நட்பாக வளர்ந்தது. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி முடித்து, மங்களூரிலும் கோவையிலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பணியாற்றினார். பாடத்தை ஒப்புவித்துவிட்டுப் போகும் வழக்கம் அவரிடம் இல்லை. மாணவரைத் தாமே தேடிப் படிக்கச் செய்து, படித்தவற்றை வகுப்பில் கலந்துரையாட வைப்பார். நூலகராவதற்கு முன்னரே அவரிடம் நூலகத்தின் தேவை குடிகொண்டிருந்தது என்று கூறலாம்.

பல்கலைக்கழகம் நூலகர் பதவியை அறிவித்தபோது நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பித்தனர். நூலகப் பயிற்சி பெற்றவர் அவர்களுள் ஒருவரும் இல்லை. அரங்கநாதனும் நண்பர்கள் தூண்டியதால் விண்ணப்பித்தவரே. நேர்முகத் தேர்வுக்கு முன் கலைக்களஞ்சியம் ஒன்றில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்ததே அத்துறையில் அவர் பெற்றிருந்த அறிவு. ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதிய கணித அறிஞர் என்பதே அவருக்குத் துணைநின்றது.

இலண்டனில் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகவியல் பள்ளியில் சேர்ந்தார். பெர்விக் சேயர்சு என்னும் அறிஞர் அவருக்கு வகைப்பாட்டியல் கற்பித்தார். பாடத்தைவிட, அந்நாட்டு நூலகங்களே அவருக்குப் பெரிய ஆசான்களாயின. நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் சென்று கண்டார். தொழிலாளரும் இல்லத்தரசியரும் சிறுவரும் கூச்சமின்றி உள்ளே நுழைந்து, அலமாரிகளின் நடுவே உலவி, தாமே நூல்களை எடுத்துப் புரட்டுவதைப் பார்த்தார். காவல்காரனாக அமர்ந்திருந்த தம் சென்னை நாள்கள் அப்போது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஆசிரியப் பணியைவிடப் பரந்ததொரு ஆசிரியப் பணியாக நூலகம் அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. வகுப்பறைக்குத் திரும்பும் எண்ணம் அகன்றது.

ஆயினும் ஒன்று அவர் மனத்தை உறுத்தியது. நூல்களை வகைப்படுத்த அன்று பெரிதும் வழங்கியது, அமெரிக்கரான மெல்வில் தூயி 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறை. அறிவுலகம் முழுவதையும் முன்கூட்டியே அறைகளாகப் பிரித்து எண்ணிட்டுவிடும் முறை அது. ஒரு நூல் இரண்டு மூன்று பொருள்களைத் தழுவி நின்றால் எந்த அறையில் இடுவது? நாளை புதியதோர் அறிவுத்துறை பிறந்தால் அதற்கு எங்கே இடம்? கணித மூளைக்கு இவ்வினாக்கள் எளிதில் விடுவதாயில்லை.

இந்நிலையில் இலண்டன் பேரங்காடி ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவி அவர் கண்ணிற்பட்டது. துளையிட்ட உலோகத் தகடுகள், கம்பிகள், சக்கரங்கள், திருகாணிகள் எனச் சில உறுப்புகளே அதில் இருந்தன. அவற்றை வெவ்வேறு வகையில் இணைத்து விற்பனையாளர் வெவ்வேறு பொம்மைகளை உருவாக்கிக் காட்டினார். அறிவையும் இவ்வாறே உறுப்புகளாகப் பகுத்து வைத்துக்கொண்டால், எந்நூல் வந்தாலும் அதற்குரிய உறுப்புகளைக் கோத்து எண் அமைத்துவிடலாமே என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. கோக்கும் திருகாணியாக முக்காற்புள்ளியைத் தேர்ந்தார். முக்காற்புள்ளிப் பகுப்பு முறை பிறந்த வரலாறு இது. நாடு திரும்பும் வழியில் கப்பலிலிருந்த சிறு நூலகத்தின் நூல்களைக் கொண்டே அம்முறையைச் சோதித்துப் பார்த்தார்.

இந்தியாவில் 1950ஆம் ஆண்டு நுரையீரல் காசநோயை எக்சு கதிரால் குணப்படுத்துவது பற்றி நிகழ்ந்த ஆய்வு எனக் கொள்வோம். நுரையீரல் ஓர் உறுப்பு, காசநோய் மற்றொன்று, குணப்படுத்தல், கதிர், நாடு, ஆண்டு ஆகியவை பிற. ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டை வரிசையாகக் கோத்தால் அந்நூலுக்கெனத் தனி எண் அமைந்துவிடும். ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து அடிப்படைகளுள் எல்லாப் பொருளையும் அடக்கலாம் என்று பின்னர் அவர் நிறுவினார். நிலமும் பொழுதும் முதற்பொருள் எனக் கற்கும் தமிழ் மாணவருக்கு இப்பகுப்பில் இடமும் காலமும் வந்து நிற்பது புதுமையாகத் தோன்றாது.

1925இல் சென்னை திரும்பியவர், பல்கலைக்கழக நூலகத்தின் இயல்பையே மாற்றத் தொடங்கினார். அதுவரை மாணவர் நூலின் பெயரைச் சீட்டில் எழுதித் தந்து காத்திருக்க வேண்டும். பெயர் தெரியாத நூலை எவ்வாறு கேட்பது? அரங்கநாதன் அலமாரிகளைத் திறந்துவிட்டார். படிப்போர் தாமே உள்ளே சென்று தேர்ந்தெடுக்கலாம் என்றார். நூல்கள் களவு போகும் என்று அஞ்சியோர் பலர். அந்த அச்சம் பொருளற்றது என்று கூறிவிட முடியாது. எங்கும் சில நூல்கள் காணாமற் போகத்தான் செய்யும். எவரும் தொடாமல் அலமாரியிலேயே கிடக்கும் நூலும் இழந்த நூலே என்பது அவர் கருத்து. நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். விடுமுறை நாள்களிலும் திறந்துவைத்தார். என்ன தேடுகிறோம் என்பதே தெளிவாகத் தெரியாமல் வரும் மாணவருடன் அமர்ந்து, அவர் தேவையை அறிந்து நூல்காட்டும் பணியாளரை நியமித்தார். பல்கலைக்கழகத்தில் நூலகம் பண்டகசாலையாக இருந்த நிலை மாறி, கற்பித்தலில் பங்குகொள்ளும் இடமாயிற்று.

1928ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இன்பமும் துன்பமும் நெருங்கி நின்ற ஆண்டு. சென்னை நூலகச் சங்கம் அவ்வாண்டில் தோன்றியது. துணைவியார் உருக்குமணியை அவர் இழந்ததும் அவ்வாண்டிலேயே. நூலகங்களில் கண்ட நூற்றுக்கணக்கான நடைமுறைகளுக்கெல்லாம் அடிப்படையான விதிகள் சிலவே இருக்கவேண்டும் என்னும் எண்ணம் அவரை நெடுநாளாக அலைக்கழித்தது. கணிதத்தில் அடிகோள்கள் சிலவற்றிலிருந்து தேற்றங்கள் எல்லாம் பிறப்பதில்லையா? ஒரு மாலையில் விடை காணாது அறையில் அமர்ந்திருந்தவரைப் பழைய ஆசிரியர் ராசு காண வந்தார். மாணவரின் தவிப்பைக் கேட்டறிந்தவர், நூல்கள் இருப்பது பயன்படுத்தப்படுவதற்கே என்பதுதானே முதல் விதி என்று போகிறபோக்கில் சொல்லிச் சென்றார். மற்ற நான்கும் அதன்பின் தாமே வரிசையாக வந்தமைந்தன. படிப்பவர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிட்டவேண்டும். நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய படிப்பாளியை அடையவேண்டும். படிப்பவரின் காலம் வீணாகலாகாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். இவற்றை அவ்வாண்டு டிசம்பரில் சிதம்பரத்தை அடுத்த மீனாட்சி கல்லூரியில் ஆசிரியர்கள் முன்னிலையில் விளக்கினார். 1931இல் அவை நூலாக வெளிவந்தன. முக்காற்புள்ளிப் பகுப்பு 1933இல் அச்சேறியது.

பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் அவர் பார்வை சென்றது. 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டி ஒன்று நூல்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றது. கனகசபை என்பவரின் முயற்சியில் உருவான அவ்வண்டி நூலகத்துக்கு அரங்கநாதனின் ஊக்கம் பின்னின்றது. பொது நூலகங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று 1930இலேயே மாதிரிச் சட்டம் ஒன்றை வரைந்தார். விடுதலைக்குப் பின் 1948இல், தி. சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதற்சட்டம்.

கடற்கரையை நோக்கிய புதிய நூலகக் கட்டடம் 1936இல் திறக்கப்பட்டது. நூலகர்க்குப் பயிற்சியளிக்கும் பள்ளியையும் அவரே நடத்தினார். காலையில் நுழைந்தால் இரவிலேயே வெளியேறுவார். இருபது ஆண்டுகளில் விடுப்பு எடுத்ததில்லை என்பர். ஆனால் இறுதி ஆண்டுகளில் கருத்து வேறுபாடுகள் முற்றின. 1945இல், தாம் வளர்த்த நூலகத்தை விட்டு மனவருத்தத்துடன் விலகினார்.

துணைவேந்தராக இருந்த இராதாகிருட்டிணனின் அழைப்பை ஏற்றுக் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கு ஏறத்தாழ 1,00,000 நூல்களைத் தனி ஒருவராகவே வகைப்படுத்தினார். ஐம்பது வயதைக் கடந்தவர், பணியாளரைக் கேட்டுக் காத்திராமல் நூல் நூலாக எடுத்து எண்ணிட்ட உழைப்பு அது. 1947இல் தில்லிப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. நூலகவியலில் முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற அங்கு வழி அமைந்தது. பின்னர்ப் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த நூலகக் குழுவுக்குத் தலைமை தாங்கியபோது, கல்லூரி நூலகர்க்கு ஆசிரியர்க்கு இணையான தகுதியும் ஊதியமும் வேண்டுமெனப் பரிந்துரைத்தார். ஆசிரியப் பணியை நாடி ஒருநாள் முதல்வர் முன் நின்றவரே, நூலகரும் ஆசிரியரே என்று அறிக்கை எழுதினார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் மீது அவருக்கு மனக்குறை இருந்திருக்கலாம். எனினும் 1956இல் தம் வாழ்நாள் சேமிப்பான ஓர் இலட்சம் ரூபாயை அதே பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். நூலகவியலுக்கென அங்கு நிறுவப்பட்ட பேராசிரியர் இருக்கை, இரண்டாம் துணைவியார் சாரதாவின் பெயரையும் தாங்கியது. அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 1965இல் தேசிய ஆய்வுப் பேராசிரியராக்கியது.

இறுதி ஆண்டுகள் பெங்களூரில் கழிந்தன. 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் அங்கு ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தை அமைத்தார். எளிய கதராடையுடன், மாணவரோடு வகைப்பாடு பற்றி உரையாடுவதே அவருக்கு ஓய்வு. முக்காற்புள்ளிப் பகுப்பின் ஏழாம் பதிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அப்பணி முடியாத நிலையில் 1972 செப்டம்பர் 27ஆம் நாள் காலமானார். விட்ட இடத்திலிருந்து மாணவர்கள் தொடர்ந்தனர். ஏழாம் பதிப்பு 1987இல் வெளிவந்தது.