அமரர் கல்கியும் அவர் படைத்த மாந்தரும்

வெண்ணாற்றுப் புனல் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரியும் தலைப்பினை உடையது, தஞ்சை வளநாட்டின்கண் உள்ள எம் ஊராகிய நீடாமங்கலம். அவ்வூரில் எம் இல்லத்துத் திண்ணையில் மாலை வேளைதோறும் ஒரு வழக்கு நடைபெறுவதுண்டு. ஒரு பக்கம் எம் பாட்டியார்; மறுபக்கம் அண்டை வீட்டில் வாழும், ஓய்வு பெற்ற தமிழாசிரியராகிய தாத்தா. வழக்கிற்கு உரியவள் நந்தினி என்னும் பழுவூர் இளையராணி. அவள் இளமையில் வஞ்சிக்கப்பட்டவள், ஆதலின் இரங்கத்தக்கவள் என்பது பாட்டியார் கட்சி. துயருற்றார் அனைவரும் நஞ்சாகிவிடுவதில்லை, ஆதலின் அவள் செயல் பொறுக்கத்தக்கதன்று என்பது தாத்தாவின் கட்சி. இடையே என் தமக்கை புகுந்து, இருவரும் பூங்குழலியை மறந்தனர் என்று குறை கூறுவாள். விளக்கேற்றும் வேளை வந்துவிடும். தீர்ப்பு மட்டும் வருவதில்லை.

நந்தினியோ பூங்குழலியோ இம்மண்ணில் பிறந்து வாழ்ந்தவர் அல்லர். அமரர் கல்கியின் உள்ளத்தில் பிறந்து, பொன்னியின் செல்வன் என்னும் பெருங்கதையில் வாழ்பவர். அக்கதை எழுதி முடிக்கப்பெற்று எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும், அக்கதை மாந்தரைப் பற்றித் தம் உறவினரைப் பற்றிப் பேசுவார்போல் தமிழ் மக்கள் இன்றும் வாதிடுகின்றனர். இத்தகைய உயிர்ப்பைத் தம் மாந்தர்க்கு அளித்த ஆசிரியர் வாழ்ந்த வாழ்வு யாது? அவ்வாற்றலை அவர் எங்ஙனம் எய்தினார்? இவற்றைச் சிறிது ஆராய்வாம்.

இளமையும் நாட்டுத் தொண்டும்

ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் இயற்பெயருடைய கல்கி, 1899 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9 ஆம் நாள், மயிலாடுதுறையை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் இராமசாமி ஐயர் கிராமக் கணக்கர். செல்வம் மிக்கவர் அல்லர். மயிலாடுதுறையிலும் பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலும் கல்வி பயின்ற கிருஷ்ணமூர்த்தி, பள்ளி இறுதித் தேர்வினை எழுதும் பருவத்தில் காந்தியடிகளின் ஒத்துழையாமை அறைகூவலைக் கேட்டார். 1921 இல் படிப்பைத் துறந்து நாட்டுத் தொண்டில் இறங்கினார். மறு ஆண்டே ஓராண்டுச் சிறைத் தண்டனை அவரை எதிர்கொண்டது. பின்னர் 1930 லும் 1941 லும் மீண்டும் சிறை புகுந்தார்.

பட்டம் பெறாத ஒருவர் தமிழ் மக்களுக்குக் கதை கூறும் ஆற்றலை எங்குக் கற்றார் எனின், மேடையிற் கற்றார் என்றே கூறல் வேண்டும். எழுத்தறியா உழவரும் வணிகரும் பெண்டிரும் கூடியிருக்கும் அவையில் பேசுபவர், கேட்போர் முகத்தை நோக்கியே பேசுதல் வேண்டும். முகம் வாடின் சொல்லை மாற்றல் வேண்டும். சிரிப்பு எழுந்தால் அதனைப் பற்றிக்கொண்டு மேற்செல்லல் வேண்டும். இப்பயிற்சியே பிற்காலத்தில் அவர்தம் உரைநடைக்கு அடித்தளமாயிற்று என்பது எம் கருத்து. அவர் ஏட்டைத் திறந்தவுடன், நம்மை எதிரே அமர்த்திப் பேசும் குரல் ஒன்று கேட்பதற்குக் காரணம் இதுவேயாம்.

பத்திரிகைப் பணி

1923 இல் திரு. வி. கலியாணசுந்தரனாரின் நவசக்தியில் துணையாசிரியராக அமர்ந்தார். தூய தமிழும் நாட்டுப்பற்றும் ஒருங்கே விளைந்த அந்நிலத்தில் ஏறத்தாழ ஐந்தாண்டு உழைத்தார். அதன்பின் இராஜாஜி நடத்திய திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தை அடைந்து, மதுவிலக்குக்கென வெளிவந்த விமோசனம் என்னும் இதழில் அவர்க்குத் துணைநின்றார். குடியின் கேட்டைக் கதையாலும் எளிய நடையாலும் உணர்த்தும் பணி அது.

1931 முதல் எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடனில் ஆசிரியப் பொறுப்பு ஏற்றார். கல்கி என்னும் புனைபெயர் வீடுதோறும் புகுந்தது. கர்நாடகம் என்னும் பெயரால் இசையையும் நாடகத்தையும் பற்றி அவர் எழுதிய திறனாய்வுகள் புகழையும் பகையையும் ஒருங்கே ஈட்டின. தியாகபூமி என்னும் தொடர்கதை, அதே கதையைக் கொண்ட திரைப்படத்தின் காட்சிகளையே சித்திரங்களாகக் கொண்டு விகடனில் வெளிவந்தது. 1939 இல் திரையில் தோன்றிய அப்படத்தை ஆங்கில அரசு பின்னர்த் தடைசெய்தது.

கல்கி தாமும் வாதிடுதலில் பெருவேட்கையர் என்பதை ஈண்டு மறத்தலாகாது. பாரதியார் மகாகவியா என்னும் வாதம் முப்பதுகளின் நடுவில் எழுந்தபொழுது, அவர் தேசியகவியே அன்றி மகாகவி அல்லர் என்ற கட்சியில் இவர் நின்றார். கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் இதனை மறுத்துக் கண்ணன் என் கவி என்னும் நூலே எழுதினர். புதுமைப்பித்தனும் கல்கியோடு கடுமையாகப் பொருதார். ஆயினும், 1947 இல் எட்டயபுரத்தில் பாரதியார்க்கு மணிமண்டபம் திறக்கப்பெற்றபோது, அதற்கெனப் பொதுமக்களிடம் பொருள் திரட்டி முன்னின்றவர் இதே கல்கியாவார். வாதிட்டவரே வணங்கினார். ஒன்றைப் பற்றி வாதிடுதல் அதனை இகழ்தல் ஆகாது. பல வேளைகளில் அதனை நேசித்தலேயாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

1941 இல் விகடனை விட்டு நீங்கிச் சத்தியாக்கிரகம் செய்து சிறைசென்று மீண்ட கல்கி, நண்பர் டி. சதாசிவத்துடன் கூடித் தம் புனைபெயராலேயே ஒரு வார இதழைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய பொருளுக்காக எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் சாவித்திரி என்னும் படத்தில் நாரதர் வேடம் பூண்டு நடித்தார். அவ்விதழில்தான் பார்த்திபன் கனவும், சிவகாமியின் சபதமும், அலை ஓசையும், இறுதியாகப் பொன்னியின் செல்வனும் வாரந்தோறும் வெளிவந்தன.

பொன்னியின் செல்வன்

1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டு நடைபெற்ற அக்கதை, புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்களை உடையது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வரும் வந்தியத்தேவன், கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, ஈழம் என நம்மை அழைத்துச் செல்கின்றான். காவிரி நாட்டில் பிறந்தவர்க்கு இப்பெயர்கள் ஏட்டுப் பெயர்கள் அல்ல. பேருந்துப் பலகையில் நாள்தோறும் காணும் பெயர்கள். ஓவியர் மணியத்துடன் கதை நிகழும் இடங்களை நேரிற் கண்டு, கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் அறிஞர் நூல்வழி ஆராய்ந்து கல்கி எழுதினார்.

வரலாறு அவர்க்கு அளித்த வித்து மிகச் சிறிது. உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் குறிக்கின்றது. அருண்மொழிவர்மன், தன் சிறிய தந்தை விரும்பியமையால் அரசுரிமையை அவர்க்கு விட்டுக்கொடுத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. குந்தவையார் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்பது தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டால் விளங்கும். ஒரு கொலை, ஒரு துறவு, ஒரு திருமணம் ஆகிய மூன்று குறிப்புகளின் இடைவெளியில் நந்தினியும், பூங்குழலியும், ஊமைராணியும், மணிமேகலையும் தோன்றினர்.

இனி, வாசகர் இம்மாந்தரைத் தமக்கு உரியவராகக் கொண்டமைக்குக் காரணம் யாது? மூன்று கூறலாம்.

முதலாவது, வார இதழின் இயல்பு. அதிகாரம் ஐயத்தில் முடியும். அடுத்த இதழ் வர ஏழு நாள் ஆகும். அவ்வேழு நாளும் கதை ஆசிரியர் கையில் இல்லை, வாசகர் கையிலேயே இருந்தது. எம் பாட்டியார் அக்காலத்துச் சிறுமி. தெருவில் இதழ் வாங்கும் வீடு ஒன்றே. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றையோர் சூழ்ந்து கேட்பராம். அடுத்த இதழ் வருமளவும் களையெடுக்கும் வயலிலும் நீர்முகக்கும் துறையிலும் வந்தியத்தேவன் தப்புவானா என்பதே பேச்சாம்.

இரண்டாவது, கல்கி தம் மாந்தர் எவரையும் முற்றும் கரியராகத் தீட்டவில்லை. பகைவராகத் தோன்றும் பெரிய பழுவேட்டரையர், சோழர் குலத்திற்காக உடலெல்லாம் விழுப்புண் தாங்கியவர். மணிமுடிக்கு உரியவனாகிய கரிகாலன், தான் இழைத்த கொடுமையின் நினைவாலேயே தீய்ந்தவன். ஓடம் செலுத்தும் பூங்குழலி உள்ளத்தில் அரச வாழ்வின் கனவு உண்டு. மலர்த்தொண்டு செய்யும் சேந்தன் அமுதனோ அரியணையை நாடாதவன். முடிவில் அவனே அரசனாக, அவள் அரசியாகின்றாள். இத்தகையோரைப் பற்றி ஒருவர் ஒரு தீர்ப்புக் கூறின், மற்றொருவர்க்கு மறுப்புக் கூற இடமுண்டு.

மூன்றாவது, கல்கி சில கதவுகளைத் திறவாமலே விட்டார். கரிகாலன் உயிரைக் கொண்ட கை எது? நந்தினியைப் பெற்றவர் யாவர்? குறிப்புகள் உண்டு, ஐயமற்ற விடை இல்லை. எம் ஊர்த் தலைப்பில் ஒரே வெண்ணாறு மூன்றாகப் பிரிந்து வெவ்வேறு வயல்களுக்குப் பாய்வதுபோல, ஒரே நந்தினி பாட்டியார்க்கு ஒருத்தியாகவும், தாத்தாவிற்கு ஒருத்தியாகவும், தமக்கைக்கு ஒருத்தியாகவும் பாய்கின்றாள்.

1954 இல் கதை முடிந்தபொழுது வாசகர் மனம் அமையவில்லை. இன்னார் பின்னர் என்னாயினர், இன்னார்க்கு மணம் நிகழ்ந்ததா என்று வினவி ஆசிரியரைச் சூழ்ந்தனர். அவ்வினாக்களுக்கு விடையாக ஒரு முடிவுரையே கல்கி எழுத நேர்ந்தது. ஓர் ஆசிரியர்க்கு இதனினும் பெரிய பரிசில் கிடைத்தல் அரிது. அவ்வாண்டு டிசம்பர் 5 ஆம் நாள், தம் 55 ஆம் அகவையில், அமரதாரா என்னும் தொடர்கதையை இடையில் விட்டுக் கல்கி மறைந்தார். அதனை அவர் மகளார் ஆனந்தி நிறைவு செய்தார். அலை ஓசைக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு 1956 இல் வந்தது. பெறுதற்கு அவர் இல்லை. அவர்தம் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பெற்றன. மணிரத்தினம் 2022 லும் 2023 லும் இரு பகுதிகளாகப் படமெடுத்தபொழுது, நந்தினி இவ்வாறு பேசுவாளா, வந்தியத்தேவன் இவ்வாறு நகைப்பானா என்று பழைய வழக்கு புதிய தலைமுறையிலும் எழுந்தது.

ஒரு தடையும் விடையும்

இவையெல்லாம் வீண்பேச்சு அன்றோ, இலக்கியம் பயிலும் மாணவர்க்கு இது தகுமோ என்று சிலர் வினவலாம். இராமன் வாலியை மறைந்து நின்று எய்தது முறையா என்று நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக வாதிட்டிலரா? கண்ணகியே சிறந்தாள், மாதவியே சிறந்தாள் எனப் பட்டிமன்றங்கள் இன்றும் முழங்கவில்லையா? கதைமாந்தரை வாழும் மாந்தராகக் கருதி வழக்காடுதல் நம் மரபிற்குப் புதிதன்று. அறம் எது என்னும் வினாவை அஞ்சாது எழுப்பிப் பழகும் களம் அதுவே. உண்மை உறவினரைப் பற்றி இத்துணை வெளிப்படையாகப் பேசின் குடும்பம் பிளவுறும். நந்தினியைப் பற்றிப் பேசினால் திண்ணை நிறையும்.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பள்ளியிற் பயின்ற காலத்து, சோழர் வரலாறு பற்றிய தேர்வில் பழுவூர் நந்தினியின் சூழ்ச்சியை ஒரு பக்கம் எழுதி மதிப்பெண் இழந்தவன் யான். நந்தினி எக்கல்வெட்டிலும் இல்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். நாணம் நீங்கியபின், கல்வெட்டில் இருப்பவர் யாவர் என்று தேடத் தொடங்கினேன். அத்தேடலே என்னைத் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் கொண்டுவந்து சேர்த்தது. கற்பனையை வரலாறென மயங்குதல் பிழை. அம்மயக்கம் தெளிந்தபின் வரலாற்றை நாடாமை அதனினும் பெரும் பிழை.

எம் பாட்டியாரிடம், வார இதழ்த் தாள்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பழங்கட்டு ஒன்று உளது. அதில் முடிவுரை இல்லை. சென்ற கோடை விடுமுறையில் நூல்நிலையப் படியிலிருந்து அதனை அவர்க்குப் படித்துக் காட்டினேன். எழுபது ஆண்டு வழக்கு அன்றோடு தீரும் என்று எண்ணினேன். பாட்டியார் இறுதிவரை அமைதியாகக் கேட்டார். பின்னர், கல்கி கூறிய விடைகளுள் சிலவற்றைத் தாம் ஏற்பதற்கில்லை என்றார். அண்டை வீட்டுத் தாத்தாவும் அதற்கு உடன்பட்டார். அவ்விருவரும் ஒரு கட்சியில் நின்றதை யான் கண்டது அன்றொரு நாளே.

மாணவ நண்பர்காள்! பேரேடுகளில் பெயர் நிலைத்தோர் பலர். திண்ணைகளில் வழக்காக நிலைத்தோர் சிலர். கல்கி அச்சிலருள் ஒருவர். அவ்வழக்கில் நமக்கும் ஓர் இடம் உண்டு. ஐந்து பாகங்களையும் படித்துவிட்டு வருக.