ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் உயிர்நீத்த கர்னல் பெய்லி

மைசூரை ஆண்ட ஹைதர் அலி, கோலார் தங்கவயலுக்கு அருகேயுள்ள பூதிக்கோட்டையில் பிறந்தவர். அவரிடம் போர்க்கைதியாகச் சிக்கி, விடுதலை காணாமலேயே மாண்டவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி கர்னல் வில்லியம் பெய்லி.

1780-ல் ஹைதர் அலி பெரும்படையுடன் ஆற்காடு நவாபின் நாட்டுக்குள் புகுந்தார். அப்போது குண்டூரிலிருந்த பெய்லியின் படைக்கு, காஞ்சிபுரத்தில் சர் ஹெக்டர் மன்றோ தலைமையிலான முக்கியப் படையுடன் இணையுமாறு உத்தரவிடப்பட்டது. கொசஸ்தலை ஆற்றின் வெள்ளம் பல நாள்கள் வழியை மறித்தது. செப்டம்பர் 6-ம் தேதி பேரம்பாக்கத்தில் திப்பு சுல்தானின் தாக்குதலைப் பெய்லி சமாளித்தார். ஆனால் 10-ம் தேதி புள்ளலூரில் அவரது படை முற்றிலும் வளைக்கப்பட்டது. மைசூர்ப் படையின் தாக்குதலில் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. காயமடைந்த பெய்லி சரணடைந்தார். ஒரு நாள் நடைத் தூரத்தில் இருந்தும் மன்றோ உரிய நேரத்தில் உதவிக்கு வரவில்லை. பக்ஸார் போரில் வென்ற அதே மன்றோ, கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிபுரம் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட பெய்லி, ஈராண்டுச் சிறைவாசத்துக்குப் பின் 1782 நவம்பர் 13-ம் தேதி இறந்தார். ஒரு மாதத்துக்குள், டிசம்பர் 7-ம் தேதி, ஹைதர் அலியும் மறைந்தார். 1784 மார்ச் மாத மங்களூர் உடன்படிக்கையின்படி எஞ்சிய கைதிகள் விடுவிக்கப்பட்டனர். அவர்களில் ஒருவரான டேவிட் பெயர்டு, 1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையைத் தகர்த்து நுழைந்த படைக்குத் தலைமை தாங்கினார். அன்றுதான் திப்பு வீழ்ந்தார்.

தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு தீட்டச் செய்த ஓவியத்தில், தோற்ற பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார். 1816-ல் அவரது உறவினர் எழுப்பிய நினைவு மண்டபமும் அவ்வூரில் உள்ளது. அவர் பெயரால் அழைக்கப்படும் நிலவறையை மத்திய அரசின் தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது.

வென்றவர் ஓவியம் தீட்டினார். பின்னர் வென்றவர்கள் மண்டபம் கட்டினர். பெய்லியின் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களே. அன்னியக் கம்பெனிக்காக இந்த மண்ணில் செத்து விழுந்த அவர்களில் மிகப் பலரின் பெயர்கூட எஞ்சவில்லை. புள்ளலூரை நினைவுகூரும்போது, தளபதியுடன் அவர்களையும் நினைப்பதே நியாயம்.