கிரெகர் மெண்டல் அடிகள்

தாயின் கண்ணும் தந்தையின் மூக்கும் ஒரு பிள்ளையிடத்து வந்து பொருந்துவதை யாவரும் காண்கின்றோம். பாட்டனிடத்திருந்து, தந்தையிடம் மறைந்து, பேரனிடம் மீண்டும் தோன்றும் இயல்புகளும் உள. இஃது எம்முறையால் நிகழ்கின்றது? உயிர்நூல் கற்கப் புகும் இளஞ்சிறார்க்கு இன்று முதற்பாடங்களிலேயே சொல்லப்பெறும் விடையைக் கண்டவர் ஒரு துறவி. அவர் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஜோஹான் மெண்டல் என்னும் இயற்பெயருடைய இவர் 1822-ம் ஆண்டு ஜூலை மாதத்தில், அக்காலத்து ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த சைலீசியாவில், ஹைன்ட்ஸென்டார்ப் என்னும் சிற்றூரிற் பிறந்தனர். அவ்வூர் இன்று செக் குடியரசில் உள்ளது. தந்தையார் எளிய குடியானவர். 1838-ல் மரம் ஒன்றால் அடிபட்டு அவர் உடல் நலியவே, மைந்தரின் பள்ளிச் செலவிற்குப் பணமில்லாமற் போயிற்று. அரைவயிற்றோடு கற்ற அந்நாட்களில், தங்கை தெரேசியா தன் மணத்திற்கென வைத்திருந்த சீதனத்தில் ஒரு பகுதியைத் தமையனுக்கு ஈந்தனள். பிற்காலத்தில் அத்தங்கையின் மைந்தர் மூவர் கல்விக்கும் அவர் பொருள் உதவினர் என்பதை இவ்விடத்திலேயே சொல்லிவிடுகின்றோம்.

1843-ல் பிரன் நகரத்து அகுஸ்தீன் சபை மடத்திற் சேர்ந்து கிரெகர் என்னும் பெயர் பெற்றனர். குருப்பட்டம் ஏற்றபின் நோயாளரைச் சந்திக்கும் பணி அவர்க்கு இயலவில்லை. பிறர் வேதனையைக் கண்டு தாமே நோயுற்றனர். ஆகவே மடத்துத் தலைவர் நாப் என்பவர் அவரைப் பள்ளியாசிரியராக அனுப்பினர். 1850-ல் ஆசிரியர் பரீட்சைக்குச் சென்று தவறினர். தவறிய பாடங்களுள் விலங்குநூலும் ஒன்று என்பது வியப்பே! வியன்னாப் பல்கலைக்கழகத்திற் பயின்று வந்து 1856-ல் மீண்டும் முயன்றும் தேறினாரில்லை. தேர்ச்சிப் பத்திரம் பெறாத உதவியாசிரியராகவே 1868 வரை பணி செய்தனர். பரீட்சைப் பட்டியலில் தம் எண்ணைக் காணாது திரும்பும் நம் நண்பர் சிலர் இதனால் ஆறுதல் அடையக்கூடும். ஆனால் வியன்னாவிற் பௌதிகமும் கணிதமும் அவர் எத்துணை ஊன்றிக் கற்றனர் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் எட்டாண்டளவு, ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை ஆராய்ந்தனர். பட்டாணி மலரிற் கேசரமும் சூலகமும் இதழ்களுள் மூடிக் கிடத்தலின் அயல்மலரின் தாது எளிதிற் புகாது. முற்றாத மொக்கை மெல்லத் திறந்து, கேசரங்களை இடுக்கியாற் களைந்து, தாம் வேண்டிய செடியின் தாதினை இட்டுச் சிறு பையால் மூடி வைத்தனர். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் இங்ஙனம் கலந்தபோது விளைந்தவை யாவும் உருண்டையே. சுருக்கம் அழிந்தொழிந்ததோ? அவ்விதைகளை நட்டுத் தம் மலரிலேயே காய்க்க விட்டனர். 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. மஞ்சள் விதையும் பச்சை விதையும் கலந்த வழித்தோன்றல்களிலோ 6,022-ம் 2,001-ம். இரண்டிடத்தும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று!

பாலும் நீரும் போலப் பெற்றோர் இயல்புகள் கலந்துவிடும் என்றே பலரும் எண்ணியிருந்தனர். கலந்த நீரைப் பாலினின்று பிரித்தல் அரிது. மறைந்த சுருக்கமோ பழுதின்றி மீண்டது. ஆகவே ஒவ்வோர் இயல்பிற்கும் செடியினுள் இரண்டு காரணிகள் உள. அவற்றுள் ஒன்றே தாதின் வழியும், ஒன்றே சூலின் வழியும் சேய்க்குச் செல்லும். இரண்டும் மாறுபடின் ஒன்று ஓங்கி மற்றொன்று ஒடுங்கி நிற்கும் என அவர் துணிந்தனர். உருண்டை விதைகளை மேலும் விதைத்தார். அச்செடிகள் 565-ல் 193 உருண்டையே தந்தன. 372 இருவகையும் தந்தன. ஒடுங்கிய காரணி மூன்றில் இரு பங்கில் மறைந்திருந்தமை இதனால் விளங்கிற்று. இக்காரணிகளையே இன்று ஜீன்கள் என்கின்றோம்.

1865-ல் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இரு மாலைப்பொழுது, பிரன் நகரத்து இயற்கை நூற் கழகத்தில் இவற்றை எடுத்துரைத்தனர். மறு ஆண்டு கட்டுரை அச்சேறிற்று. உலகம் அசையவில்லை. மியூனிக் நகரத்துப் பேரறிஞர் நேகெலியோடு பல ஆண்டு கடிதம் எழுதினர். அவரும் ஐயுற்றனரேயன்றி ஏற்றாரில்லை. நேகெலி ஆராய்ந்துவந்த ஹீராசியம் என்னும் பூண்டினையும் மெண்டல் கண் நோவ ஆராய்ந்தனர். அப்பூண்டு பெரும்பாலும் தாது சேராமலே விதை தருவது. அதனால் சேய் தாயையே ஒத்து, மூன்றுக்கு ஒன்று என்னும் கணக்கு அங்கு வாய்க்கவில்லை. இவ்வுண்மையை அக்காலத்தில் அவரோ நேகெலியோ அறிந்திலர். உண்மை கண்ட ஒருவரைத் தம் கண்டுபிடிப்பையே ஐயுறச் செய்யவல்ல செடி, ஆயிரக்கணக்கான செடிகளுள் அவர் கைக்கு வந்து சேர்ந்ததே என நாம் இரங்குகின்றோம். பரம்பரையின் விதியைத் தாமும் தேடிய டார்வின், மெண்டலின் கட்டுரையை அறியாமலே 1882-ல் மறைந்தனர்.

1868-ல் மெண்டல் மடத்துத் தலைவரானபின் ஆராய்ச்சிக்கு ஓய்வு அருகிற்று. 1874-ல் மடங்கள்மேல் அரசாங்கம் விதித்த வரியை நீதியன்றென மறுத்து, இறுதிவரை வழக்காடி நண்பர் பலரை இழந்தனர். 1884 ஜனவரி 6-ல் உயிர் நீத்தனர். அடக்கத் திருப்பலியில் ஆர்கன் வாசித்தவர், பின்னர்ப் புகழெய்திய இசைப் புலவர் யானாச்செக். இறந்தவருடைய ஆராய்ச்சிக் குறிப்புக்கள் மடத்தில் எரிக்கப்பட்டன.

பதினாறு ஆண்டு கழிந்து, 1900-ல், ஹாலந்தில் டி விரீஸ், ஜெர்மனியில் கோரன்ஸ், ஆஸ்திரியாவில் செர்மாக் என்னும் மூவர் தத்தம் செடிகளில் அதே மூன்றுக்கு ஒன்றைக் கண்டனர். பழைய ஏடுகளைப் புரட்டியபோது, பிரன் கழகத்தின் 1866-ம் ஆண்டுக் கட்டுரை அவர்கள் கையிற் கிடைத்தது.