எருமை மேல் ஊர்வலம், மூன்று வருடச் சிறை: யார் இந்தத் தேவசகாயம்?

காப்பார், கிள்ளான், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களோடு பழகியவர்களுக்கு 'தேவசகாயம்' என்ற பெயர் புதுசு இல்லை. யாரோ ஒரு தாத்தாவுக்கோ மாமாவுக்கோ அந்தப் பெயர் இருக்கும். கடவுளின் உதவி என்று அர்த்தம். பைபிளில் வரும் லாசர் என்ற பெயரைத் தமிழில் அப்படி மாற்றினார்கள்.

அந்தப் பெயர் கொண்ட ஒருவரைத்தான் 2022 மே 15ஆம் தேதி வாத்திகனில் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். பாதிரியாராகவோ துறவியாகவோ இல்லாத ஓர் இந்தியருக்கு இந்த நிலை கிடைத்தது அதுவே முதல் முறை. கல்யாணம் ஆனவர், அரண்மனையில் வேலை பார்த்தவர்.

அவருடைய பிறப்புப் பெயர் நீலகண்டன். 1712 ஏப்ரல் 23ஆம் தேதி, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலத்தில் வசதியான நாயர் குடும்பத்தில் பிறந்தார். அந்தப் பகுதி அப்போது திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் அவருக்கு வேலை.

1741இல் குளச்சல் போர். டச்சுக்காரர்கள் தோற்றார்கள். பிடிபட்டவர்களில் டி லனாய் என்ற அதிகாரியை மன்னர் தண்டிக்கவில்லை. தன் படைக்கே பயிற்சி கொடுக்க வைத்தார். நீலகண்டனுக்கும் டி லனாய்க்கும் நட்பு வளர்ந்தது. குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் வந்து நீலகண்டன் நொந்து போயிருந்த நேரம். எல்லாவற்றையும் இழந்தும் நம்பிக்கையை விடாத யோபுவின் கதையை டி லனாய் அவருக்குச் சொன்னார் என்கிறது திருச்சபை மரபு.

1745 மே மாதம் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். மனைவி பார்கவியும் ஞானப்பூ ஆனார். பிரச்சனை அதற்குப் பிறகுதான். சாதி பார்க்காமல் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டது அரண்மனை வட்டாரத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை.

1749 பிப்ரவரியில் கைது. அடுத்த மூன்று ஆண்டுகள் அவர் பட்டதைத் திருச்சபைப் பதிவுகள் விரிவாகவே சொல்கின்றன. கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்புறம் பார்த்து உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். அடித்த காயங்களில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள். பெருவிளையில் வேப்ப மரத்தில் கட்டிப்போட்டார்கள். அவமானப்படுத்துவதுதான் நோக்கம். ஆனால், வேடிக்கை பார்க்க வந்த சனம் மெல்ல மெல்ல அவரிடம் ஆசி கேட்டு வர ஆரம்பித்தது. பழைய மதத்துக்குத் திரும்பினால் விட்டுவிடுகிறோம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. காட்டில் வீசப்பட்ட உடலின் எச்சங்களை மக்கள் எடுத்து வந்து நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். நான்கே ஆண்டுகளில், 1756இல், கொச்சி ஆயர் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையில் இவருடைய மரணம் இடம்பெற்றுவிட்டது.

ஆனா, கொலைக்குக் காரணம் மதம்தானா?

இங்கேதான் சர்ச்சை. மார்த்தாண்ட வர்மா கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியதற்கு ஆதாரம் இல்லை, அவருடைய படைத் தளபதியே கிறிஸ்தவர்தானே என்று கேட்கும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். அரச துரோகக் குற்றத்துக்காகவே தண்டிக்கப்பட்டார் என்பது இந்தத் தரப்பின் வாதம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் டி லனாய் வெளிநாட்டுக்காரர், பிறவியிலேயே கிறிஸ்தவர். உள்ளூர் உயர்சாதிக்காரர் ஒருவர் மதம் மாறி, எல்லாரோடும் சமமாக உட்காருவது அந்தக் காலத்தில் வேறு மாதிரியான விஷயம். அதை மதம், அரசியல் என்று தனித்தனியாகப் பிரிப்பது கஷ்டம்.

திருச்சபைக்குள்ளேயும் சாதி லேசில் போகவில்லை. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயத்தில், இரண்டு தரப்பும் ஒன்றாக உட்காராமல் இருக்க நடுவில் சுவர். கால்சட்டை வடிவக் கோவில் என்றே அதற்குப் பெயர் வந்தது. 1910இல்தான் சுவரை இடித்தார்கள். அதற்கும் வழக்கு நடந்தது.

2012 டிசம்பர் 2ஆம் தேதி நாகர்கோவிலில் அவரை 'அருளாளர்' என்று அறிவித்தபோதும் பெயரோடு 'பிள்ளை' ஒட்டிக்கொண்டிருந்தது. அது சாதிப் பட்டம், எடுத்துவிடுங்கள் என்று வாத்திகனுக்குக் கோரிக்கை போனது. பத்து ஆண்டுகள் கழித்து, ரோமில் வாசிக்கப்பட்ட பெயரில் 'பிள்ளை' இல்லை.