குண்டடி பட்டவர் ஆண்டபோது

முட்டத்துத் தோழர்களே! போலந்து நாட்டிலே கோமுல்கா என்றொருவர் இருந்தார். 1905-இல் ஏழைத் தொழிலாளி வீட்டிலே பிறந்தவர். சிறு வயதிலேயே பட்டறைக்குப் போனவர். சங்கம் வைத்தார், சிறை கண்டார். 1932-இல் லோட்ஸ் நகரில் நெசவாலைத் தொழிலாளர் மாநாட்டிலே போலீஸ் வளைத்தது. ஓடினார், சுட்டார்கள், தொடையிலே பாய்ந்தது குண்டு. இறுதிவரை அந்தக் காலோடுதான் நடந்தார்.

1948-இல் சொந்தக் கட்சியே பதவியைப் பறித்தது; 1951-இல் சிறையில் தள்ளியது. பணிந்தாரில்லை. 1956 ஜூனில் போஸ்னான் நகரிலே ரொட்டி கேட்ட தொழிலாளரை இராணுவம் சுட்டது. அந்த இரத்தம் உலருமுன், அக்டோபரில், கட்சி அவரையே அழைத்துத் தலைமையில் அமர்த்திற்று. நம் பசியறிந்தவர் வந்தார் என்று மக்கள் ஆரவாரித்தனர்.

1970 டிசம்பர் 12. இறைச்சி, மாவு, மீன் எல்லாம் விலையேற்றம்! இறைச்சி மட்டும் நூற்றுக்குப் பதினேழுக்கு மேல். கிறிஸ்துமசுக்கு இரண்டு வாரங்கூட இல்லை. பண்டிகை நேரத்திலே அரிசி விலை ஏறினால் அடுப்படியில் என்ன பேச்சு நடக்கும் என்பது வலையிழுக்கும் உங்களுக்குத் தெரியாததா? அங்கோ கடையும் அரசுடையது, ஆலையும் அரசுடையது, சங்கமும் கட்சியின் கைக்குள். யாரிடம் போய் முறையிடுவது?

திங்களன்று கிடான்ஸ்க் கப்பல்கட்டும் தளத்திலே வேலை நின்றது. லெனின் பெயர் தாங்கிய தளம் அது! மறுநாள் கட்சி அலுவலகம் எரிந்தது. சுட உத்தரவிட்டார் கோமுல்கா. 16-ஆம் நாள் மாலை துணைப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, எல்லோரும் வேலைக்குத் திரும்பும்படி வேண்டினார். திரும்பினார்கள். 17-ஆம் நாள் விடியலில், கிடீனியாவில் இரயிலைவிட்டு இறங்கிப் பணிக்கு வந்தவர்களையே இராணுவம் சுட்டது! அந்த வாரம் கடலோர நகரங்களில் மாண்டோர் நாற்பதுக்கு மேல்.

ஏழையின் பேரால் ஆள்வோர் சுடுவார்களா என்று குமரி மாவட்டத்தார் கேட்கமாட்டார்கள். 1954 ஆகஸ்ட் 11-இல், தமிழகத்தோடு இணையக் கேட்டவர்களைச் சுட்ட பட்டம் தாணுப்பிள்ளை ஆட்சியும் சோஷலிஸ்டுக் கட்சி ஆட்சிதானே!

கோமுல்கா பணம் சேர்த்தவரா? அல்லர், எளிய வாழ்வினர். தாம் சிக்கனமாயிருந்ததால் பிறர் வயிற்றுக்கும் சிக்கனம் போதித்தாரோ என்னவோ!

டிசம்பர் 20-இல் பதவி போயிற்று. அடுத்து வந்த கியெரெக்கும் விலையைக் குறைக்கவில்லை. 1971 பிப்ரவரியில் நெசவாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பிரதமரே நேரில் வந்து பேசினார். அவர்கள் இறங்கி வரவில்லை. மார்ச் முதல் நாள் விலையேற்றம் இரத்தானது. அப்பெண்களின் ஊர் லோட்ஸ். கோமுல்கா குண்டடிபட்ட அதே லோட்ஸ். அவர் அப்போது வீட்டிலிருந்தார், 1982-இல் மறைந்தார்.